இன்ஃபார்ம் 6-இல் பொருள் எழுதும்போது கம்பைலர் மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஃபார்ம் 6 என்பது டெக்ஸ்ட் அட்வென்ச்சர் எழுதுவதற்கான நிரல்மொழி. கட்டளைகளைத் தட்டி, பதிலைப் படித்தே விளையாடும் கதைதான் டெக்ஸ்ட் அட்வென்ச்சர். அதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் ஒரு அறையை எழுதுவார்கள். அது பெரும்பாலும் தகராறு இல்லாமல் கம்பைல் ஆகிவிடும், அதாவது எழுதியதை ஓடும் கோப்பாக மாற்றும் கம்பைலர் அதை ஏற்றுக்கொள்ளும். அடுத்து அந்த அறைக்குள் ஒரு விளக்கையோ பெட்டியையோ வைக்கப் பார்ப்பார்கள். சனி பிடிப்பது அங்கேதான். பொருள் என்பது பார்க்கப் பத்து வரிதான் இருக்கும். ஆனால் கமா, செமிகோலன், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், சதுர அடைப்பு எல்லாம் அந்தப் பத்து வரிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஃபார்மின் சொற்கள் ஆங்கிலம். இங்கே அவற்றை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். நிறுத்தக்குறிகளை மட்டும் இங்கே உள்ளபடியே போடுங்கள். பிழைச் செய்திகளுக்கும் அர்த்தத்தைத்தான் தமிழில் தந்திருக்கிறேன்.

இன்ஃபார்ம் 6 பழசாயிற்றே, அதை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

பழசுதான். கிரகாம் நெல்சன் 1993-இல் இன்ஃபார்மை வெளியிட்டார், ஆறாம் பதிப்பு 1996-இல் வந்தது. அது உருவாக்கும் கோப்பு ஓடுவது இசட்-மெஷின் என்னும் கற்பனைக் கணினியில். அந்தக் கணினியை 1979-இல் இன்ஃபோகாம் என்ற டெக்ஸ்ட் அட்வென்ச்சர் நிறுவனத்துக்காக ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்க்கும் வடிவமைத்தார்கள். 2006-இல் வந்த இன்ஃபார்ம் 7 ஆங்கில வாக்கியம் போலவே எழுதச் சொல்கிறது, அதன் பிழைகள் வேறு ரகம். சின்னக் கோப்பு, பழைய கணினியிலும் ஓட வேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இன்றும் ஆறில்தான் எழுதுகிறார்கள். நானும் அந்தக் கட்சி.

முதலில், சரியாக எழுதிய பொருள் எப்படி இருக்கும்?

இப்படி இருக்கும்:

ஆப்ஜெக்ட் -> விளக்கு "பித்தளை விளக்கு"
  வித் நேம் 'பித்தளை' 'விளக்கு',
    டிஸ்கிரிப்ஷன் "கரி படிந்த பழைய விளக்கு.",
    பிஃபோர் [;
      ரப்: "தேய்த்துப் பார்த்தாயிற்று. பூதம் எதுவும் வரவில்லை.";
    ],
  ஹேஸ் லைட்;

‘வித்’ என்பதற்குப் பிறகு வருபவை பண்புகள். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பெயரும் அதற்கு மதிப்பும் உண்டு, ஒரு பண்புக்கும் அடுத்த பண்புக்கும் நடுவே கமா. ‘ஹேஸ்’ என்பதற்குப் பிறகு வருபவை அடையாளங்கள். இவற்றுக்கு மதிப்பு கிடையாது, இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். அடையாளங்களுக்கு நடுவே கமா வராது, வெறும் இடைவெளிதான். சதுர அடைப்புக்குள் இருப்பது நிரல் (இங்கே, விளக்கைத் தேய்த்தால், அதாவது ‘ரப்’ செய்தால், என்ன பதில் என்பது), அதற்குள் மட்டும் ஒவ்வொரு கூற்றும் செமிகோலனில் முடியும். கடைசியில் மொத்தப் பொருளுக்கும் ஒரே ஒரு செமிகோலன்.

இந்தப் பொருளை ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பிழைகளில் பாதி, இதிலிருந்து ஒரு குறி இடம் மாறியதால் வருபவை.

42ஆம் வரியில் பிழை என்கிறது. அந்த வரியில் ஒரு தப்பும் இல்லையே?

இருக்காது. கம்பைலர் காட்டுவது தப்பு நடந்த இடத்தை அல்ல, தான் குழம்பிப்போன இடத்தை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

ஒரு உதாரணம். மேலே உள்ள விளக்கின் கடைசி வரியில் ‘ஹேஸ் லைட்’ என்று எழுதிவிட்டு செமிகோலனை மறந்துவிட்டீர்கள். அதற்கடுத்து ஒரு வரி இடைவெளி விட்டு, ‘ஆப்ஜெக்ட் -> பெட்டி’ என்று அடுத்த பொருளைத் தொடங்குகிறீர்கள். கம்பைலருக்கு வரி இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. அது ‘லைட்’ என்ற அடையாளத்தைப் படித்துவிட்டு, இன்னொரு அடையாளம் வரும் என்று காத்திருக்கிறது. வருவதோ ‘ஆப்ஜெக்ட்’ என்ற சொல். உடனே, “ஏற்கெனவே அறிவித்த அடையாளத்தின் பெயரை எதிர்பார்த்தேன், ஆப்ஜெக்ட் என்று இருக்கிறது” என்கிறது. வரி எண் பெட்டியின் வரி எண். நீங்கள் பெட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குற்றவாளி விளக்கு.

ஆகவே பிழை சொன்ன வரியைப் பாருங்கள், அதில் ஒன்றும் இல்லையென்றால் மேல்நோக்கிப் படியுங்கள். ஒருபோதும் கீழ்நோக்கிப் போகாதீர்கள், கம்பைலர் இன்னும் அங்கே வரவே இல்லை. “எதிர்பார்த்தேன்” என்பதற்குப் பிறகு என்ன சொல்கிறது என்பதையும் கவனியுங்கள். அடையாளத்தை எதிர்பார்த்தது என்றால் அது இன்னும் ஒரு ‘ஹேஸ்’ பகுதிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதியைத் திறந்தவர் யார், மூடாமல் விட்டவர் யார் என்று தேடினால் போதும்.

ஒரு சின்ன மாற்றம்தான் செய்தேன். நாற்பது பிழை வந்துவிட்டது. கோப்பே கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பந்தியில் ஒருவர் இலை மாறி உட்கார்ந்தால் வரிசை முழுவதும் எழுந்து நகர வேண்டி வருகிறதே, அது போலத்தான். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். மற்ற முப்பத்தொன்பதில் பெரும்பாலானவை தாமாகவே போய்விடும். இரண்டாவது பிழையைப் படிக்கவே படிக்காதீர்கள் என்பேன். அதைத் திருத்தப் போய், நன்றாக இருந்த வரியைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

இப்படிக் கொத்தாகப் பிழை வருவதற்கு முதல் காரணம் மூடாத இரட்டை மேற்கோள். இன்ஃபார்மில் ஒரு உரை பல வரிகளுக்கு நீளலாம், வரி முறிவும் அதற்கடுத்த இடைவெளிகளும் சேர்ந்து ஒரே ஒரு இடைவெளியாகிவிடும். எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. ஆனால் மேற்கோளை மூட மறந்தால், அடுத்த பொருளின் நிரல் முழுவதும் இந்த உரைக்குள் போய்விடுகிறது. அடுத்த மேற்கோள் எங்கே திறக்கிறதோ அங்கேதான் இது மூடும். அதன் பிறகு எல்லாமே தலைகீழ், நிரல் உரையாகும், உரை நிரலாகும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல தடயம் ஒன்று உண்டு. பிழைச் செய்தியில் உங்கள் கதையின் சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். “கமாவை எதிர்பார்த்தேன், ‘குகையின்’ என்று இருக்கிறது” என்ற மாதிரிச் செய்தி வந்தால், உங்கள் வர்ணனையைக் கம்பைலர் நிரலாகப் படித்துக்கொண்டிருக்கிறது. “ஒரு ஜோடி மேற்கோளுக்குள் அடங்காத அளவு உரை” என்ற செய்தி வந்தாலும் அதே நோய்தான்.

ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு ஆரம்பித்து இரண்டரை மணி வரை இப்படி ஒரு மேற்கோளைத் தேடியிருக்கிறேன். கடைசியில் கண்டுபிடித்தது நான் அல்ல, எடிட்டரின் வண்ணம். பாதிக் கோப்பு உரைக்கான பச்சை நிறத்தில் இருந்தது. நிரலுக்கு வண்ணம் காட்டும் எடிட்டரை அன்றிலிருந்துதான் பயன்படுத்துகிறேன்.

உரைக்குள்ளேயே யாராவது பேசினால் மேற்கோள் எப்படிப் போடுவது?

இரட்டை மேற்கோளுக்குப் பதிலாக ~ என்ற குறியைப் போடுங்கள். விளையாட்டில் அது மேற்கோளாகவே தெரியும். வரி மாற ^ குறி. ஒற்றை மேற்கோள், அதாவது ஆங்கிலத்தின் அபாஸ்ட்ரஃபி, இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் ஒன்றும் செய்யாது.

வேர்டு போன்ற செயலியில் எழுதி ஒட்டினால் மேற்கோள்கள் வளைந்து வந்துவிடும். கம்பைலருக்கு வேண்டியது நேர் மேற்கோள்.

“கமா விட்டுப்போயிற்றோ? பண்பின் மதிப்புக்குள் இன்னொரு பண்பின் பெயர் இருப்பது போலத் தெரிகிறது” என்கிறது. இது பிழையா, எச்சரிக்கையா?

எச்சரிக்கைதான். அதனால்தான் ஆபத்து. கோப்பு உருவாகிவிடும், விளையாட்டு ஓடும், நீங்கள் எச்சரிக்கையைப் பார்க்காமல் போய்விடுவீர்கள்.

நடப்பது இது:

வித் நேம் 'பித்தளை' 'விளக்கு'
    டிஸ்கிரிப்ஷன் "கரி படிந்த பழைய விளக்கு.",

முதல் வரியின் முடிவில் கமா இல்லை. பண்பின் மதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களாக இருக்கலாம் என்பதால் கம்பைலர் படித்துக்கொண்டே போகிறது. பித்தளை, விளக்கு, அப்புறம் டிஸ்கிரிப்ஷன், அப்புறம் அந்த வர்ணனை, நான்கையும் ‘நேம்’ பண்பின் மதிப்புகளாக எடுத்துக்கொள்கிறது. சட்டப்படி இது தப்பல்ல. ஆனால் உங்கள் விளக்குக்கு இப்போது வர்ணனையே இல்லை. விளையாட்டில் விளக்கை உற்றுப் பார்த்தால், விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை என்று லைப்ரரியின், அதாவது எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான ஆயத்த நிரல் தொகுப்பின், பொதுவான பதில் வரும். “வர்ணனை எழுதினேனே, எங்கே போயிற்று?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இந்த ஒரு கமா.

அதிகமாகப் போட்ட கமாவும் உண்டு. இரண்டு கமா அடுத்தடுத்து வந்தாலும், கமாவை ஒட்டி செமிகோலன் வந்து பொருள் முடிந்தாலும் அது பிழை. ஆனால் ‘ஹேஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் கமா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஏற்றுக்கொள்ளும்.

‘ஹேஸ் கன்டெய்னர், ஓப்பனபிள்’ என்று எழுதினேன். “வித், ஹேஸ் அல்லது கிளாஸ் எதிர்பார்த்தேன்” என்கிறதே?

அடையாளங்களுக்கு நடுவே கமா போட்டிருக்கிறீர்கள். அந்தக் கமாவைக் கண்டதும், ‘ஹேஸ்’ பகுதி முடிந்து புதுப் பகுதி தொடங்குகிறது என்று கம்பைலர் நினைத்துக்கொள்கிறது. கமாவை எடுத்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம், எதை ‘வித்’தில் எழுதுவது, எதை ‘ஹேஸ்’ஸில் எழுதுவது என்பது. மதிப்பு தேவைப்பட்டால் ‘வித்’, தேவைப்படாவிட்டால் ‘ஹேஸ்’. ‘டிஸ்கிரிப்ஷன்’ என்றால் என்ன வர்ணனை என்று கேட்கத் தோன்றுகிறது, அது பண்பு. ‘ஓப்பனபிள்’ என்றால் கேட்க ஒன்றுமில்லை, அது அடையாளம்.

பிழையே வரவில்லை. ஆனால் வர்ணனை காட்டவில்லை. கமாவும் சரியாக இருக்கிறது.

எழுத்துப் பிழையைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இன்ஃபார்ம் 6-இல் அடையாளங்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆகவே ‘ஓப்பனபிள்’ என்பதில் ஒரு எழுத்து பிசகினாலும் கம்பைலர் கையைப் பிடித்துவிடும். பண்புகள் அப்படி இல்லை. ‘வித்’துக்குப் பிறகு கம்பைலர் கேள்விப்படாத ஒரு பெயர் வந்தால், அது இந்தப் பொருளுக்கென்றே நீங்கள் புதிதாக உருவாக்கும் தனிப்பண்பு என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். ‘டிஸ்கிரிப்ஷன்’ என்பதில் ஒரு எழுத்து விடுபட்டால், அந்த விடுபட்ட பெயரிலேயே ஒரு புதுப்பண்பு பிறக்கிறது. அதில் உங்கள் அழகான வர்ணனை பத்திரமாக இருக்கும், யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘இனிஷியல்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். விளக்கைத் தேய்த்தால் நீங்கள் எழுதிய பதில் வரவில்லையா? முதலில் ‘பிஃபோர்’ என்பதை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். தெரியாத பெயரைப் பிழை என்று சொல்லாமல் ஏற்றுக்கொள்வது மொழியின் தாராள குணம், வசதியும்கூட. ஆனால் பிழைச் செய்தியே வராத தப்புதான் அதிக நேரத்தைத் தின்கிறது. கம்பைலர் திட்டினால் சந்தோஷப்படுங்கள், அது உதவி செய்கிறது.

கதவு ஒன்று வைத்தேன். “இந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது” என்கிறது. நான் ஒரு கதவுதானே எழுதினேன்?

உங்கள் பொருளின் உள்பெயரை ‘டோர்’ என்று வைத்திருப்பீர்கள். லைப்ரரியில் ‘டோர்’ என்று ஒரு அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. பொருள்களுக்கும் அடையாளங்களுக்கும் பண்புகளுக்கும் தனித்தனிப் பெயர்ப்பட்டியல் கிடையாது, எல்லாம் ஒரே பட்டியல். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் இன்ஃபார்முக்கு இல்லை என்பதால் முதல் எழுத்தைப் பெரிதாக்கித் தப்பிக்கவும் முடியாது.

‘லைட்’, ‘கன்டெய்னர்’, ‘ஓப்பன்’, ‘நம்பர்’ எல்லாம் இப்படி மாட்டிக்கொள்ளும் பெயர்கள். ‘ஓக்_டோர்’ மாதிரி ஒரு அடைமொழி சேர்த்துவிடுங்கள். விளையாடுகிறவர் தட்டும் சொல் ‘நேம்’ பண்பில் இருப்பது, அங்கே ‘டோர்’ என்று தாராளமாக எழுதலாம். உள்பெயரை விளையாடுகிறவர் பார்க்கவே போவதில்லை.

சதுர அடைப்பைத் திறந்ததுமே பிழை. “உள்மாறியின் பெயர் அல்லது செமிகோலன் எதிர்பார்த்தேன்” என்றால் என்ன?

அடைப்பைத் திறந்ததும் செமிகோலன் போட மறந்துவிட்டீர்கள். ‘[’ குறிக்கும் முதல் ‘;’ குறிக்கும் நடுவே வருவதெல்லாம் அந்த நிரலின் உள்மாறிகள், அதாவது அதற்குள் மட்டும் பயன்படும் மாறிகள். உள்மாறி வேண்டாம் என்றாலும் செமிகோலன் வேண்டும், அதனால்தான் ‘[;’ என்று விநோதமாக எழுதுகிறோம். அதை விட்டால் ‘ரப்’ என்பது ஒரு உள்மாறி என்று கம்பைலர் நினைக்கும், அடுத்து வரும் முக்காற்புள்ளியில் தடுமாறும்.

மூடும்போது வேறு ஒரு தப்பு நடக்கும். பொருளுக்குள் இருக்கும் நிரல் ‘],’ என்று கமாவில் முடியும். தனியாக நிற்கும் நிரல் ‘];’ என்று முடியும். தனி நிரலை வெட்டிப் பொருளுக்குள் ஒட்டினால் இதை மாற்ற மறந்துவிடுவோம். பொருள் அங்கேயே முடிந்துவிட்டது என்று கம்பைலர் நினைத்துக்கொள்ளும், அதற்குக் கீழே உள்ள பண்புகள் அனாதைகளாகப் பிழை கொடுக்கும்.

“அப்படி ஒரு கான்ஸ்டன்ட் இல்லை” என்கிறது.

கான்ஸ்டன்ட் என்றால் மாறாத மதிப்பைக் குறிக்கும் பெயர். நீங்கள் ஒரு பெயரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், கோப்பு முழுவதும் தேடியும் அது எங்கும் அறிவிக்கப்படவில்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழை, அல்லது பழைய பொருளின் பெயரை மாற்றிவிட்டு ஒரு இடத்தில் திருத்த மறந்தது.

புதிதாக ஒரு வினை சேர்த்தேன். “இந்தச் செயலுக்கு சப் நிரல் இல்லை” என்று வருகிறது.

‘சீட்டியடி’ என்ற வினையை ‘விசில்’ என்ற செயலோடு இணைத்து இலக்கண வரி எழுதினால், ‘விசில்சப்’ என்ற பெயரில் ஒரு நிரலும் எழுத வேண்டும். செயலின் பெயரோடு ‘சப்’ ஒட்ட வேண்டும், நடுவில் இடைவெளியோ கோடோ கூடாது. அந்த நிரலில் ஒரு வரி இருந்தால்கூடப் போதும்.

அம்புக்குறிகள் எனக்குப் புரியவே இல்லை. பொருள் வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது.

‘->’ என்றால், இதற்கு முன் அம்பு இல்லாமல் எழுதிய கடைசிப் பொருளுக்குள் இதை வை என்று பொருள். ‘-> ->’ என்றால், கடைசியாக ஒற்றை அம்போடு எழுதிய பொருளுக்குள். அதாவது அறை, அறைக்குள் பெட்டி, பெட்டிக்குள் சாவி. முன்னால் அப்படி ஒரு பொருளே இல்லாதபோது அம்பு போட்டால் பிழை வரும். அதைச் சரிசெய்வது எளிது.

கஷ்டம் பிழை வராதபோதுதான். குகை என்ற அறையை எழுதி, அதற்கு அடுத்து இரண்டு அறைகளுக்கும் பொதுவான ஒரு கதவை அம்பு இல்லாமல் எழுதி, அதற்கும் அடுத்து விளக்கை ஒற்றை அம்போடு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். விளக்கு குகைக்குள் இல்லை, கதவுக்குள் இருக்கிறது! கம்பைலருக்கு இதில் ஆட்சேபம் கிடையாது. விளையாடுகிறவர் மட்டும் காலம் முழுக்க இருட்டில் தடவிக்கொண்டிருப்பார். பொதுக் கதவுகளையெல்லாம் கோப்பின் கடைசியில் வைத்துவிடுங்கள்.

அம்புக்குப் பதில், பொருளின் பெயருக்கும் மேற்கோளுக்கும் பிறகு தாய்ப்பொருளின் பெயரை நேரடியாகவே எழுதலாம். அப்படி எழுதினால் தாய்ப்பொருள் கோப்பில் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். “கொண்டிருக்கும் பொருளுக்குப் பிறகுதான் இதை எழுத வேண்டும்” என்று கம்பைலர் சொன்னால் வரிசையை மாற்றுங்கள். சதுர அடைப்புக்குள் உள்ள நிரலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, பின்னால் வரப்போகும் பொருளை அங்கே தாராளமாகக் குறிப்பிடலாம்.

ஒற்றை மேற்கோள் எப்போது, இரட்டை மேற்கோள் எப்போது?

திரையில் அச்சாக வேண்டியதற்கு இரட்டை. விளையாடுகிறவர் தட்டப்போகும் சொல்லுக்கு ஒற்றை. ஒரே ஒரு எழுத்து மட்டும் ஒற்றை மேற்கோளில் இருந்தால் அது சொல்லாகக் கருதப்படாது, அந்த எழுத்தின் எண்ணாகக் கருதப்படும். ஓரெழுத்துச் சொல் வேண்டுமென்றால் எழுத்தை அடுத்து // சேர்த்து ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.

இசட்-மெஷினின் ஐந்தாம் பதிப்பில் ஒரு பண்புக்கு 32 மதிப்புகள்தான் அதிகபட்சம், மூன்றாம் பதிப்பில் 4. ‘நேம்’ பட்டியலில் ஆர்வமாகச் சொற்களை அடுக்கிவிட்டு மூன்றாம் பதிப்புக்குக் கம்பைல் செய்தால் இந்த எல்லை இடிக்கும்.

எச்சரிக்கைகளை விட்டுவிடலாமா?

ஒன்றை மட்டும் விடலாம்: அறிவித்த மாறி பயன்படவில்லை என்பது. மற்றவற்றைப் படியுங்கள்.

“நிபந்தனையில் ஒற்றைச் சமக்குறி” என்பது, ஒப்பிடுவதற்குப் பதில் மதிப்பை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்கிறது. அது எப்போதுமே உண்மையான தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“இந்தக் கூற்றை ஒருபோதும் அடைய முடியாது” என்பது வேறு ஒரு விஷயத்தைச் சொல்லித்தருகிறது. நிரலுக்குள் வெறும் மேற்கோளில் ஒரு உரையை எழுதினால், இன்ஃபார்ம் அதை அச்சிட்டு, வரி மாற்றி, ‘உண்மை’ என்று பதில் சொல்லிவிட்டு நிரலை விட்டே வெளியேறும். அதற்கடுத்து மதிப்பெண்ணைக் கூட்டும் வரியை வைத்தால் அந்த வரிக்கு வேலையே வராது. மதிப்பெண்ணை முதலில் கூட்டுங்கள், உரையைக் கடைசியில் வையுங்கள். ‘பிரின்ட்’ போட்டு அச்சிட்டால் வெளியேறாது, ஆனால் முடிவில் ‘ஆர்ட்ரூ’ (‘உண்மை’ என்று சொல்லி வெளியேறு) என்று எழுத மறக்கக்கூடாது. மறந்தால் உங்கள் பதிலும் வரும், அதன் வாலாக லைப்ரரியின் பதிலும் வரும்.

“மூலக்கோப்பைத் திறக்க முடியவில்லை”, “மெயின் நிரல் இல்லை” – இவை பொருளோடு தொடர்புள்ளவையா?

இல்லை, லைப்ரரியோடு தொடர்புள்ளவை. முதலாவதில் லைப்ரரி இருக்கும் அடைவைக் கம்பைலருக்குச் சொல்லவில்லை. லினக்ஸில் கோப்புப் பெயரின் பெரிய, சிறிய எழுத்துகளும் பொருந்த வேண்டும். இரண்டாவதில் லைப்ரரியைச் சேர்க்கவே இல்லை.

பொருளோடு தொடர்புள்ள ஒன்று, சேர்க்கும் வரிசை. லைப்ரரியின் கோப்புகளான ‘பார்சர்’, ‘வெர்ப்லிப்’ இரண்டையும் சேர்த்த பிறகு உங்கள் பொருள்கள், அதன் பிறகு ‘கிராமர்’. பொருளை ‘பார்சர்’ வருவதற்கு முன்னாலேயே எழுதினால் ‘லைட்’ என்ற அடையாளம் இன்னும் பிறந்திருக்காது. நன்றாக எழுதிய பொருளுக்கும் பிழை வரும்.

கம்பைல் ஆகிவிட்டது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டீபக் சுவிட்சை, அதாவது கம்பைலரை அழைக்கும்போது சேர்க்கும் பிழைதேடும் குறியைப் போட்டுக் கம்பைல் செய்யுங்கள், கோடு போட்டுப் பெரிய டி. விளையாட்டுக்குள் சில ரகசிய வினைகள் கிடைக்கும். ‘ட்ரீ’ என்று தட்டினால் எது எதற்குள் இருக்கிறது என்று மரமாகக் காட்டும், கதவுக்குள் போன விளக்கு இங்கே அகப்படும். ‘ஷோஆப்ஜ் விளக்கு’ என்றால் அந்தப் பொருளின் பண்புகளும் அடையாளங்களும் வரும். வர்ணனை அதில் இல்லையென்றால், மேலே சொன்ன எழுத்துப் பிழையும் கமாவும் நினைவுக்கு வர வேண்டும். ‘பர்லாய்ன்’ என்றால் எங்கிருக்கும் பொருளையும் கைக்குக் கொண்டுவந்துவிடும். வெளியிடும்போது இந்தச் சுவிட்சை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளையாடுகிறவரும் பர்லாய்ன் செய்வார்.

தமிழிலேயே விளையாட்டு எழுத முடியுமா? தமிழ் எழுத்தைப் போட்டதும் பிழை வருகிறது.

முடியும், ஆனால் இசட்-மெஷினில் அல்ல என்பதே என் ஆலோசனை. முதலில், மூலக்கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவில் இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்ல வேண்டும். அதற்கான சுவிட்ச் பெரிய சி, அதை ஒட்டிச் சிறிய யு. சொன்ன பிறகும் இசட்-மெஷினுக்குக் கம்பைல் செய்தால், “இந்த எழுத்தை முன்கூட்டியே எழுத்து அட்டவணையில் அறிவிக்க வேண்டும்” என்று பிழை வரும். அந்த அட்டவணையில் மொத்தம் 97 இடம். ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் 69 இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, மிச்சமுள்ள 28-இல் தமிழ் அடங்காது. அவற்றைக் காலி செய்தால் தமிழ் நன்றாகவே அடங்கும்.

அடங்கினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் ஒரு சொல்லுக்கு அகராதியில் 9 அலகுகள்தான் இடம். ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு ஒரு அலகு போதும். இப்படிப் புதிதாகச் சேர்த்த எழுத்து ஒவ்வொன்றும் 4 அலகு தின்னும். ஆக, இரண்டு குறிகளுக்கு மேல் நிற்காது. யூனிகோடில் ‘வி’ என்பதே இரண்டு குறிகள், வகரமும் இகரக் கொம்பும். ‘விளக்கு’, ‘விறகு’ இரண்டும் அகராதியில் ஒரே சொல்லாகிவிடும். விளக்கை எடுக்கச் சொன்னால், எந்த விளக்கை என்று விளையாட்டு கேட்கும். எழுத்து வரிசையையே மாற்றியமைத்து இதைச் சமாளிக்க வழி உண்டு, ஆனால் அந்த மல்லுக்கட்டு எதற்கு?

ஆண்ட்ரூ பிளாட்கின் உருவாக்கிய குளுல்க்ஸ் என்ற இன்னொரு கற்பனைக் கணினிக்கும் இன்ஃபார்ம் 6 கம்பைல் செய்யும், சுவிட்ச் பெரிய ஜி. அங்கே அகராதி எழுத்தின் அளவை 4 பைட் என்று வைத்தால் யூனிகோட் சொற்கள் நேராக நுழையும். சொல்லின் நீளம் இயல்பாக 9 குறிகள். ‘விளக்கு’ ஏழு குறிகள், தப்பித்தது. ‘தீப்பெட்டி’ பத்து, கடைசி இகரம் வெட்டுப்படும். நீள வரம்பைக் கூட்டிக்கொள்ளலாம், இருபது வைத்தால் நிம்மதி. தட்டச்சை வாங்கும் பகுதி யூனிகோடை ஏற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பையும் காலையும் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும் சில இரண்டு குறிகளாகவும் தரக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கம்பைலருக்கு அவை இரண்டு வேறு சொற்கள்.

இலக்கணம் தனிக்கதை. தட்டிய வரியைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதியான பார்சர், வினை முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறது, நாம் ‘விளக்கை எடு’ என்போம். வினை கடைசியில், பெயரில் வேற்றுமை உருபு வேறு. தட்டிய வரியைப் பார்சர் படிப்பதற்கு முன் புரட்டிப்போட மொழிக்கோப்பில் ஒரு நிரல் இடம் தருகிறது. அங்கேதான் ‘விளக்கை’ என்பதை ‘விளக்கு’ ஆக்கி, வினையை முன்னால் நகர்த்த வேண்டும்.

எல்லாம் பார்த்துவிட்டேன். இன்னும் பிழை போகவில்லை.

பாதியை மறைத்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். பிழை போனால் குற்றம் மறைத்த பாதியில், போகாவிட்டால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் வரிக் கோப்பிலும் பத்து முறைக்குள் ஒரு வரியில் வந்து நிற்பீர்கள்.

மறைக்கும்போது ஒரு கவனம். வரித் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் அந்த வரியைக் கம்பைலர் முற்றாக விட்டுவிடும். ‘இஃப்டெஃப்’ கொண்டு பெரிய பகுதியைத் தாண்டச் சொன்னால் அப்படி விடாது. தாண்டும்போதும் அது ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டுதான் போகும், மூடாத மேற்கோள் அங்கே இருந்தால் மறைத்த பிறகும் தொல்லை தரும். மேற்கோள் மேல் சந்தேகம் என்றால் ஆச்சரியக்குறியைப் பயன்படுத்துங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டி வேறு கோப்பில் வைத்துவிட்டுப் பாருங்கள்.